தழும்பு எங்கே என்பது கடைசிக் கேள்வியாகட்டும்

தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் என்று உறுதியான பின் எங்கள் அறுவைப் பிரிவுக்கு வருவோரில் பலர், நாங்கள் பரிசோதனை முடிவுகளைப் பிரித்துப் பார்க்கும் முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகின்றனர்: "கழுத்தில் தழும்பு விழாமல் செய்ய முடியுமா?" சிலர் கைப்பேசியில் ஒரு காணொளியையும் காட்டுகின்றனர். அக்குள் வழியாகவோ, கீழுதட்டின் உட்புறம் வழியாகவோ, ரோபோவின் கைகளைக் கொண்டோ கட்டி வெளியே எடுக்கப்படுகிறது. கழுத்தில் ஒரு கீறலும் இல்லை. பெரும்பாலும் இக்கேள்வியை எழுப்புபவர் நோயாளி அல்லர். உடன் வந்த தாயோ, அக்காவோ, கணவரோதான். கேள்வி நியாயமானதே. ஆயினும் அது வரிசையில் முதலாவதாக நிற்பது நோயாளிக்கு நன்மை தருவதன்று என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை இவ்விதழில் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். தழும்பைப் பற்றிய கவலையை வெறும் அழகு ஆசை என்று ஒதுக்கிவிடும் வழக்கம் மருத்துவர்களிடையே உண்டு. அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தைராய்டு புற்றுநோய் ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. அவர்களுள் கணிசமானோர் இருபது முதல் ஐம்பது வயதுக்கு உட்பட்டோர். கழுத்து, ஆடையால் மறையாத இடம். அங்குள்ள கோட்டைப் பார்த்து, திருமண வீட்டிலும் பேருந்திலும் "என்ன ஆப்பரேஷன்?" என்று கேட்போருக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மணமாகாத பெண்ணின் பெற்றோர் அந்தக் கேள்விக்கு அஞ்சுவது எங்களுக்குப் புரிகிறது. அவர்கள் அஞ்சுவது தழும்பைக் காட்டிலும், அதைத் தொடர்ந்து சொல்ல வேண்டிவரும் 'புற்றுநோய்' என்ற சொல்லுக்குத்தான். மேலும், கருநிறத் தோலில் தழும்பு தடித்துப் புடைத்து வளரும் இயல்பு வெளிர்நிறத் தோலைவிட மிகுதி. எனவே ஐரோப்பியப் பாடநூல்களில் காணும் மெல்லிய வெள்ளைக் கோடே நம்மவர் அனைவருக்கும் அமையும் என்று உறுதி கூற இயலாது.

இவ்வளவும் உண்மை. எனினும் அறுவை செய்யப்படும் இடத்தை ஒரு முறை உள்ளிருந்து நோக்கினால் மற்றொரு உண்மையும் புலப்படும்.

தைராய்டு, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயைத் தழுவியவாறு பட்டாம்பூச்சி வடிவில் அமைந்த சிறு சுரப்பி. இயல்பான நிலையில் அதன் எடை இருபது கிராம் அளவே. அதன் இரு மடல்களுக்கும் பின்னால், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான பள்ளத்தில், பக்கத்திற்கு ஒன்றாகக் குரல் நரம்பு செல்கிறது. தடித்த நூல் அளவே உள்ள அந்த நரம்பு ஒரு பக்கம் காயமுற்றால் குரல் கரகரக்கும். இரு பக்கமும் காயமுற்றால் மூச்சே தடைப்படலாம். சுரப்பியின் பின்புறத்தில் பெரும்பாலும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணியளவு. உடலின் கால்சியத்தைக் காப்பவை இவை. கொழுப்புத் துணுக்கிலிருந்தும் நிணநீர்க் கணுவிலிருந்தும் இவற்றைப் பிரித்தறிவதற்குத் தேர்ந்த கண் வேண்டும். புற்றுநோயை மிச்சமின்றி எடுத்து, நரம்பையும் இந்த அரிசி மணிகளையும் சேதமின்றி விட்டுவைப்பதே தைராய்டு அறுவையின் முழுப் பணி. தோலில் இடும் கீறல் அப்பணிக்கான வாசல் மட்டுமே.

இந்த வாசல் ஒரு காலத்தில் மரண வாசலாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தைராய்டு வீக்கத்தை அறுத்து எடுக்கத் துணிந்தவர்களின் நோயாளிகள் இரத்தப்போக்காலும் சீழ்த்தொற்றாலும் பெருமளவில் இறந்தனர். 1850இல் பிரெஞ்சு மருத்துவக் கழகம் இவ்வறுவையே கூடாது என்று தடுக்கும் அளவுக்கு நிலைமை சென்றது. அதனை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றிய தியோடர் கோக்கர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு அறுவைகளைச் செய்து, இறப்பை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாகக் குறைத்த அவருக்கு 1909இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் விரைந்து அறுப்பவர் அல்லர். ஒவ்வோர் இரத்தக் குழாயையும் தனித்தனியே கட்டி, துளித் துளியாக முன்னேறியவர். இன்னொன்றையும் அவரே கண்டறிந்து 1883இல் வெளியிட்டார்: சுரப்பியை முழுவதுமாக நீக்கப்பெற்ற தம் நோயாளிகள் சிலர் பின்னாளில் மந்தமுற்றுச் சோர்ந்துபோயினர். சுரப்பிக்கு ஈடான மருந்து அன்று இல்லை. இன்று வெறும் வயிற்றில் விழுங்கும் சிறிய தைராக்சின் மாத்திரை அக்குறையைத் தீர்த்துவிடுகிறது.

இன்றைய திறந்த அறுவை கோக்கரின் வழியில் வந்ததே. ஆனால் கீறல் வெகுவாகச் சுருங்கிவிட்டது. கழுத்தின் இயல்பான மடிப்பொன்றில், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோல் திறக்கப்படுகிறது. அதன் கீழுள்ள மெல்லிய தசைப் படலம் மட்டுமே வெட்டப்படுகிறது. சுரப்பியை மூடியிருக்கும் பட்டைத் தசைகள் வழக்கமாக வெட்டப்படுவதில்லை. நடுக்கோட்டில் பிரித்து விலக்கப்படுகின்றன. தோலிலிருந்து சுரப்பிக்கு உள்ள தூரம் மிகக் குறைவு. நோயாளி அன்று மாலையே எழுந்து நடக்கிறார், குடிக்கிறார், மென்மையான உணவை உண்கிறார். ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்.

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட உறவினர் ஒருவர் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். "அவருக்கு மூன்று துளை போட்டு முடித்துவிட்டார்களே, கழுத்துக்கு மட்டும் ஏன் வெட்ட வேண்டும்?" என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. பித்தப்பையைத் திறந்த முறையில் எடுக்க, வயிற்றின் கனத்த தசைகளை நீளமாக வெட்ட வேண்டியிருந்தது. இருமினாலும் வலி, எழுந்தாலும் வலி, பணிக்குத் திரும்பப் பல வாரம். துளைவழி முறை அந்தத் துன்பம் முழுவதையும் ஒரேயடியாக நீக்கியது. எனவே 1980களின் இறுதியில் தோன்றிய அம்முறை ஒரு சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவிற்று. கழுத்தில் அத்தகைய துன்பம் தொடக்கம் முதலே இல்லை. வெட்டப்படும் தசை சிறிது, வலி சிறிது, மருத்துவமனையில் தங்கும் நாளும் சிறிது. ஆகவே புதிய முறையால் கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ முழுவதும் தழும்பின் இடமாற்றமே. அது ஆதாயமன்று என்று நாங்கள் கூறவில்லை. அதன் அளவு இவ்வளவே என்பதை அறிந்து தேர்வு செய்ய வேண்டும் என்கிறோம்.

புதிய முறைகள் ஒன்றல்ல, பல. கழுத்தில் எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பாராதைராய்டு அறுவையை 1996இல் செய்து காட்டியவர் மிஷெல் கான்யே. அடுத்த ஆண்டே அம்முறை தைராய்டுக்கும் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் இத்தாலியின் பீசா நகரில் பவுலோ மிக்கோலி என்னும் அறுவை மருத்துவர், கழுத்தின் நடுவிலேயே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கீறல் இட்டு, அதனூடே கேமராவைச் செலுத்திச் செய்யும் முறையை வகுத்தார். கீறலும் சிறிது, உள்ளே பிரித்தெடுக்கும் பரப்பும் சிறிது. 'சிறு ஊடுருவல்' என்ற பெயர் முழுமையாகப் பொருந்துவது இந்த முறைக்கே. ஆனால் இதில் தழும்பு கழுத்திலேயே இருக்கிறது. அதனாலோ என்னவோ, காணொளிகளில் இதனைக் காண்பது அரிது.

காணொளிகளில் வருபவை வேறு வகை. ஜப்பானிலும் கொரியாவிலும் கழுத்துத் தழும்பைத் தவிர்க்க வேண்டும் என்ற விருப்பம் வலுவாக இருந்தமையால், அக்குள் வழியாகவும் மார்பு வழியாகவும் சுரப்பியை அணுகும் முறைகள் அங்கு வளர்ந்தன. சியோல் நகரின் யோன்செய் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2007 முதல் ரோபோவைக் கொண்டு அக்குள் வழி அறுவையைப் பெருமளவில் செய்யலாயினர். பின்னர் தாய்லாந்தின் பாங்காக் நகரில் அங்கூன் அனுவோங், கீழுதட்டின் உட்புறத்தில் மூன்று சிறு துளைகள் இட்டு, தாடையெலும்பின் முன்புறமாகத் தோலுக்கடியில் இறங்கிச் சுரப்பியை அடையும் முறையைச் செம்மைப்படுத்தி, தம் முதல் அறுபது நோயாளிகளின் விவரங்களை 2016இல் வெளியிட்டார். வெளித்தோலில் ஒரு தழும்பும் இல்லாத முறை இது. இந்தியாவிலும் பயிற்சி பெற்ற மையங்களில் இப்போது செய்யப்படுகிறது.

இவற்றையெல்லாம் 'சிறு ஊடுருவல்' என்ற ஒரே பெயரால் அழைப்பதில்தான் எங்களுக்கு மனத்தடை. அக்குளிலிருந்து கழுத்து நடு வரை தோலுக்கடியில் ஒரு கையளவு அகலத்துக்குப் படலத்தைப் பிரித்துக்கொண்டே செல்ல வேண்டும். கழுத்தைத் திறந்து செய்யும் அறுவையில் பிரிக்கப்படும் பரப்பைவிட இது பெரிது. அறுவை நேரமும் கூடுதல். கையை உயர்த்தி வைத்த நிலையில் நெடுநேரம் இருப்பதால், கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் இழுபட்டுச் சிலருக்குத் தற்காலிகமாகக் கை மரத்துப்போவதுண்டு. கழுத்தெலும்புப் பகுதியில் மாதக்கணக்கில் உணர்வு குன்றியிருப்பதும் உண்டு. வாய் வழி முறையில் தாடை நரம்பு நலிந்து முகவாய் மரத்துப்போகலாம். இயல்பாகவே கிருமிகள் வாழும் வாய்க்குள் கீறல் இடப்படுவதால் கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படுகிறது. உள்ளே செலுத்தப்படும் கரியமில வாயு இரத்தக் குழாய்க்குள் புகுவது மிக அரிதெனினும் ஆபத்தானது. இவை எவையும் திறந்த அறுவையில் இல்லாதவை. 'தழும்பு மறைந்த அறுவை' என்று அழைத்தால் பெயரும் பொருந்தும், எவருக்கும் மயக்கமும் நேராது.

"புற்றுநோய் முழுவதும் போய்விடுமா?" என்பது அடுத்த கேள்வி. சிறிய கட்டியுடையோரைத் தேர்ந்தெடுத்து, மிகுந்த பயிற்சியுடைய மையங்களில் செய்யப்பட்ட ஒப்பீடுகளில், குரல் நரம்புக் காயமும் கால்சியக் குறைவும் இரு முறையிலும் ஏறத்தாழ ஒன்றாகவே காணப்படுகின்றன. இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் 'தேர்ந்தெடுத்து' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பெரிய கட்டியும் பரவிய நோயும் திறந்த அறுவைக்கும், சிறியவை புதிய முறைக்கும் அனுப்பப்படும்போது முடிவுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது முழுமையான ஒப்பீடாகாது. காலமும் ஒரு காரணம். தைராய்டு புற்றுநோயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பாப்பில்லரி வகை. அது ஆமை வேகத்தில் வளர்வது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் கழுத்துக் கணுக்களில் மீண்டும் தலைகாட்டக் கூடியது. வாய் வழி முறையின் வயதோ அவ்வளவு நீண்டதன்று. கட்டியை வெளியே இழுக்கும்போது அது உடைந்து, செல்கள் வழிப்பாதையில் பதிந்து பின்னர் வளர்ந்த நிகழ்வுகள் மிகச் சிலவே. எனினும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

எவருக்குப் புதிய முறை பொருந்தாது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருந்தாலோ, நரம்பையோ மூச்சுக்குழாயையோ ஒட்டியிருந்தாலோ, பக்கவாட்டுக் கழுத்துக் கணுக்களில் பரவல் மிகுந்திருந்தாலோ திறந்த அறுவையே முறை. முன்பு கழுத்தில் அறுவையோ கதிர்வீச்சோ நடந்திருந்தாலும் அவ்வாறே. மெடுல்லரி வகையில் கணுக்களையும் சேர்த்துத் துப்புரவாக எடுக்க வேண்டியிருப்பதால் திறந்த முறையே வழக்கம். அனாபிளாஸ்டிக் என்னும் கொடிய வகையில் தழும்பைப் பற்றிப் பேசும் நேரமே இருப்பதில்லை.

இனி, உண்மையில் முதலாவதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்விக்கு வருகிறோம். எவ்வழியாக எடுப்பது என்பதற்கு முன், எவ்வளவு எடுப்பது? சில வேளைகளில், இப்போது எடுக்கத்தான் வேண்டுமா?

தென்கொரியாவின் பட்டறிவு இதற்கு நல்ல பாடம். அந்நாட்டில் 1999இல் தேசியப் புற்றுநோய்க் கண்டறியும் திட்டம் தொடங்கிய பின், கூடுதலாகச் சிறு தொகை செலுத்திக் கழுத்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவிற்று. விளைவு: 1993ஆம் ஆண்டோடு ஒப்பிட, 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் வீதம் பதினைந்து மடங்காயிற்று. ஆனால் அந்நோயால் இறப்போர் வீதம் மாறவேயில்லை. கண்டறியப்பட்டவற்றுள் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் தீங்கு செய்யாமல் கிடந்திருக்கக்கூடிய நுண்கட்டிகள் என்பதே இதன் பொருள். அறுவைக்குச் சென்றவர்களோ பல்லாயிரம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் மாத்திரையை நம்பியிருக்கலாயினர். இவ்விவரம் 2014இல் வெளிவந்து பெரும் விவாதமான பின், ஓராண்டுக்குள் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. ரோபோ அறுவை மிகச் செழித்து வளர்ந்த அதே நாட்டில், அதே ஆண்டுகளில்தான் இது நிகழ்ந்தது.

அண்டை நாடான ஜப்பானில், கோபே நகரின் கூமா மருத்துவமனை 1993 முதலே வேறொரு வழியில் நடந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, பரவாத, நரம்பை நெருங்காத பாப்பில்லரி கட்டிகளை அறுக்காமல், ஸ்கேன் மூலம் காலந்தோறும் கண்காணித்தனர். அவ்வாறு கண்காணிக்கப்பட்ட 1,235 பேரின் விவரம் 2014இல் வெளியானது. பத்தாண்டுகளில் கட்டி மூன்று மில்லிமீட்டர் அளவு வளர்ந்தோர் நூற்றில் எட்டுப் பேர். கணுக்களில் பரவல் தோன்றியோர் நூற்றில் நால்வர். நோயால் இறந்தவர் ஒருவருமில்லை. வளர்ந்த பின் அறுவை செய்துகொண்டோரும் நலமாகவே இருந்தனர். நூறு விழுக்காடு தழும்பில்லாத முறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுவே. எல்லோருக்கும் பொருந்தாது, ஆண்டுதோறும் தவறாமல் வந்து பரிசோதித்துக்கொள்ளும் மனவுறுதியும் வசதியும் வேண்டும். ஆயினும் ஏழு மில்லிமீட்டர் கட்டிக்காக ரோபோ அறுவைக்குப் பணம் திரட்டிக்கொண்டு வருவோரிடம் இதனைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

எடுக்கத்தான் வேண்டும் என்றாலும் முழுச் சுரப்பியையும் எடுத்தாக வேண்டியதில்லை. ஒன்று முதல் நான்கு சென்டிமீட்டர் வரை உள்ள, உறையைத் தாண்டாத, கணுக்களில் பரவாத கட்டிக்கு, நோயுள்ள மடலை மட்டும் நீக்குவதும் போதுமான சிகிச்சையாகலாம் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015இல் வழிகாட்டியது. பாதி அறுவையில் மறுபக்க நரம்பும் பாராதைராய்டுகளும் தொடப்படுவதே இல்லை; எனவே நிரந்தரக் கால்சியக் குறைவு என்னும் இடர் ஏறத்தாழ இல்லாமற்போகிறது. கணிசமானோர் மாத்திரையின்றியே வாழ்கின்றனர். முழு நீக்கமா, பாதி நீக்கமா என்ற முடிவு ஒருவரது எஞ்சிய நாற்பது ஆண்டுகளை நாள்தோறும் தொடுவது. அதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல்லும் கேட்காமல், தழும்பைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் உரையாடிச் செல்லும் குடும்பங்களைப் பார்க்கையில் எங்களுக்குக் கவலையாகவே இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: கத்தியைப் பிடிப்பவர் யார்? 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஆண்டுக்கு இருபத்தைந்துக்கு மேற்பட்ட முழுத் தைராய்டு அறுவைகளைச் செய்பவரிடம் சிக்கல்கள் குறைவாக இருப்பதைக் காட்டிற்று. இது திறந்த அறுவைக்கான கணக்கு. வாய் வழி முறைக்கும் அக்குள் வழி முறைக்கும் தனிப் பயிற்சி வேண்டும். திறந்த அறுவையில் வல்லவர் என்பதாலேயே ஒருவர் இதிலும் வல்லவராகிவிடுவதில்லை. "ஐயா, நீங்கள் இந்த முறையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? குரல் பாதிப்பு எத்தனை பேருக்கு? பாதியில் கழுத்தைத் திறக்க நேர்ந்தது எத்தனை முறை?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவு என்று எண்ணித் தயங்க வேண்டாம். எங்களிடமும் கேளுங்கள். முகம் சுளிக்கும் மருத்துவரைவிட எண்ணிக்கையைச் சொல்லும் மருத்துவர் உங்களுக்குப் பயன்படுவார். நம் மாநிலத்தில் அகச்சுரப்பி அறுவைக்கெனத் தனித் துறைகள் உள்ளன. சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே அத்தகைய துறை உண்டு. அரசு மருத்துவமனை என்பதால் தரம் குறையும் என்ற எண்ணத்துக்கு இங்கு இடமில்லை.

குரலைப் பற்றி ஒரு செய்தி. அமெலிட்டா கல்லி-குர்ச்சி என்ற புகழ்பெற்ற இத்தாலிய இசைப் பாடகிக்கு 1935இல் தைராய்டு வீக்க அறுவை நடந்தது. அதன்பின் அவரது உச்சக் குரல் போயிற்று என்பர். உச்சத் தொனிக்குரிய மெல்லிய மேல் நரம்பை அவர் பெயராலேயே குறிப்பிடும் வழக்கமும் மருத்துவத்தில் ஏற்பட்டது. அறுவைக்கு முன்பே அவர் குரல் தளர்ந்திருந்தது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் வாதிட்டனர். அது எப்படியாயினும், அந்த நரம்பு பாடகர்களுக்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையில் நாளெல்லாம் பேசும் ஆசிரியை, தேவாரம் பாடும் ஓதுவார், தெருவில் கூவிக் காய்கறி விற்கும் அம்மாள் ஆகிய ஒவ்வொருவருக்கும் குரலே பிழைப்பு. தம் தொழில் என்ன என்பதை நோயாளி முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். எந்த முறையாயினும், அறுவைக்கு முன்னும் பின்னும் குரல் நாண்களின் அசைவைப் பரிசோதித்துப் பதிவு செய்யுமாறு கேட்டுப் பெறுங்கள்.

வீடு திரும்பிய பின் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் கூச்சம் தோன்றினால் அது கால்சியக் குறைவின் அறிகுறி. உடனே தொடர்புகொள்ள வேண்டும். முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் கழுத்து இறுகி வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் செவிலியரை அழைக்க வேண்டும். உள்ளே இரத்தம் தேங்கியிருக்கலாம். தழும்பு எங்கிருந்தாலும் இவ்விரண்டும் பொது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. ரோபோ கருவியின் விலையும் ஒவ்வோர் அறுவைக்கும் மாற்ற வேண்டிய கருவிமுனைகளின் விலையும் இறுதியில் நோயாளியின் கணக்கிலேயே ஏறுகின்றன. காப்பீட்டில் எவ்வளவு அடங்கும், எவ்வளவு கையிலிருந்து போகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தைராய்டு புற்றுநோயின் செலவு அறுவையோடு முடிவதில்லை. சிலருக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை தேவைப்படும். பல ஆண்டுகளுக்கு இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தொடரும். நகையை அடகு வைத்துக் கழுத்துத் தழும்பைத் தவிர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் பரிசோதனைக்குப் பணமில்லை என்று வராமல் நின்றுவிடுவதைப் போன்ற துயரம் வேறில்லை. திறந்த அறுவையைத் தேர்ந்தெடுத்து, எஞ்சிய பணத்தை அடுத்த பத்தாண்டுக் கண்காணிப்புக்கு வைத்துக்கொள்வது கஞ்சத்தனமன்று.

அதற்காகத் தழும்பைத் தலையெழுத்தாக ஏற்க வேண்டியதில்லை. அறுவைக்கு முன் நோயாளியை உட்கார வைத்து, கழுத்து மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறியிட்டால் கோடு அம்மடிப்போடு கலந்துவிடும். படுக்க வைத்த பின் குறியிட்டால் இடம் தவறக்கூடும். காயம் ஆறிய பின் சில மாதங்களுக்குச் சிலிக்கான் பசையோ பட்டையோ பயன்படுத்தலாம். வெயில் படாமல் துப்பட்டாவாலோ சேலைத் தலைப்பாலோ மறைத்துக்கொள்வது நல்லது. புதிய தழும்பு வெயிலில் கருக்கும். அது சிவந்து தெரியும் முதல் மாதங்களில் மனம் தளர வேண்டாம். முழுமையாக மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தோல் தடித்துப் புடைத்தவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவித்தால், தொடக்கத்திலேயே ஊசி மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

அத்தகைய தடித்த தழும்பு வரலாறு உள்ளவர், கட்டி சிறியது, ஒரு மடலை மட்டும் எடுத்தால் போதும், பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ளார், செலவுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. இத்தகைய ஒருவர் வாய் வழி முறையை விரும்பினால் நாங்கள் தயக்கமின்றி ஆதரிப்போம். ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே சென்ற பின் இரத்தப்போக்கோ நரம்பை ஒட்டிய கட்டியோ தென்பட்டால் கழுத்தைத் திறக்கும் உரிமையை மருத்துவருக்கு மனமார அளித்திருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அவ்வரியைப் படிக்காமலே கையெழுத்திட்டு, கட்டுடன் வெளிவந்த மகளைப் பார்த்துப் பெற்றோர் கலங்குவதுண்டு. அங்கே திறந்ததுதான் சரியான முடிவாக இருந்திருக்கும்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது, நோயாளியுடன் மட்டும் பேச எங்களுக்குப் பத்து நிமிடம் தாருங்கள். நீங்கள் வெளியே அமர்ந்திருக்கையில் அவரிடம் நாங்கள் கேட்பது, எது உங்களை அதிகம் அச்சுறுத்துகிறது என்பதே. சிலர் தழும்பு என்கின்றனர். அப்போது அதற்குரிய வழியைத் தேடுகிறோம். "தழும்பெல்லாம் வீட்டில் உள்ளவர்கள் கவலை, என் குழந்தைக்குத் தாலாட்டுப் பாட வேண்டும், குரல் போய்விடுமா என்பதுதான் என் பயம்" என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எங்களால் எதையும் பரிந்துரைக்க முடிகிறது.